வானில் அரை மணி, தரையில் அரை நாள்: லே - கார்கில் இடையே குறையாத தூரம்

புது தில்லி: லடாக்கின் இரு பெரிய நகரங்களான லேவுக்கும் கார்கிலுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் தூரம் சுமார் 140 கி.மீ. மட்டுமே. விமானத்துக்கு இது அரை மணி நேரப் பயணம். ஆனால் சாலை வழியே சுமார் 215 கி.மீ. செல்ல வேண்டும். நமிகா லா கணவாயையும், 4,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபோட்டு லா கணவாயையும் கடந்தால்தான் மறு ஊரை அடைய முடியும். பனிப்பொழிவு இல்லாத நாளிலேயே இதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

இரு ஊர்களிலும் விமான ஓடுதளம் உண்டு. ஆனால் இரண்டின் நிலையும் ஒன்றல்ல. 1948 மே 24-ம் தேதி, விமானப்படை அதிகாரி மெஹர் சிங், மேஜர் ஜெனரல் திம்மையாவுடன் லேயில் டகோட்டா விமானத்தை இறக்கினார். லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு அவசர கதியில் அமைத்த மண் தளம் அது. அந்த லே, தில்லியுடனும் பிற நகரங்களுடனும் தினசரி விமானங்களால் இணைக்கப்பட்டுள்ளது. கார்கிலிலோ, 2024 வரை வழக்கமான பயணிகள் விமான சேவை வேரூன்றவில்லை. குளிர்காலத்தில் விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் இயக்கப்படும் "கார்கில் கூரியர்' சேவையே அப்பகுதி மக்களுக்குக் கைகொடுத்து வந்துள்ளது. அதுவும் வானிலை இடம் கொடுத்தால்தான்.

இதற்கு நிர்வாகம் மட்டுமே காரணமல்ல. இயற்கையும் குறுக்கே நிற்கிறது. லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. விமானம் மேலெழும்ப அதிக வேகமும் நீண்ட ஓடுதளமும் தேவை. சுமையையும் குறைத்தாக வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று மேலும் மெலிகிறது. பிற்பகலில் மலைக் காற்றும் வலுக்கிறது. எனவே பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்புகின்றன. 2024 ஜூலை இறுதியில் வெப்பம் மிகுந்ததால் லேயில் பல விமானங்கள் ரத்து செய்யப்பட்டன.

மேற்கே ஸ்ரீநகர் செல்லும் வழியிலும் இதே கதைதான். ஸோஜி லா கணவாய் முன்பெல்லாம் ஆண்டில் ஐந்து, ஆறு மாதங்கள் பனியால் மூடிக் கிடக்கும். எல்லைச் சாலைகள் நிறுவனத்தின் முயற்சியால் 2025-ல் மூடல் 32 நாள்களாகக் குறைந்தது. 6.5 கி.மீ. நீள சோனமார்க் சுரங்கப் பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு அப்பால், ஸோஜி லாவைக் குடைந்து 13 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கம் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டுள்ளது.

2019 அக்டோபர் 31-ல் லடாக் தனி யூனியன் பிரதேசமானது. மாநில அந்தஸ்து, ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்காக லே, கார்கில் மக்கள் பின்னர் ஒரே குரலில் பேசத் தொடங்கினர். அரசியலில் நெருங்கிவிட்ட இவ்விரு ஊர்களும் போக்குவரத்தில் விலகியே நிற்கின்றன. பனிக்காலத்தில் மேல்சிகிச்சைக்குப் புறப்படும் நோயாளிக்கும், தேர்வெழுதச் செல்லும் மாணவருக்கும் வரைபடத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கு பயன்படாது. அன்று கணவாய் திறந்திருக்கிறதா, விமானம் வருமா என்பதே அவர்களின் கணக்கு.