ஹெட்போன் மாட்டினாலே லேப்டாப்பில் 'ஸ்ஸ்ஸ்' சத்தமா? கடைக்குப் போகும் முன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்க!

பாட்டு ஓடவில்லை, வீடியோவும் ஓடவில்லை. ஆனால் ஹெட்போனை மாட்டியதும் காதுக்குள் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்', சார்ஜர் போட்டால் 'ம்ம்ம்'. ஆன்லைன் இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பவருக்கும், நைட் ஷிப்ட்டில் கஸ்டமர் கால் பேசுபவருக்கும் இது சின்னத் தொல்லை இல்லை. "உங்க லைன்ல ஏதோ சத்தம் வருதே" என்று எதிர்முனையில் ஒருவர் சொன்னாலே பாதி தைரியம் போய்விடும்.

கடைக்குக் கொண்டுபோனால் "போர்டு மாத்தணும்" என்ற பதில் வரலாம். ஆனால் பல நேரங்களில் போர்டில் எந்தப் பழுதும் இருக்காது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். எப்படி?

சத்தம் எப்படி வருகிறது?

லேப்டாப்புக்குள் பாட்டு என்பது வெறும் 0, 1 எண்கள்தான். அதைக் காது கேட்கும் ஒலியாக மாற்ற ஒரு சின்ன சிப் இருக்கிறது. அங்கிருந்து ஹெட்போன் ஜாக் வரை போவது மிக மெல்லிய மின் சிக்னல்.

சிக்கல் என்னவென்றால், அந்த சிப் இருக்கும் அதே போர்டில்தான் பிராசஸர், கிராபிக்ஸ் சிப், வைஃபை எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மின்சாரத்தை இழுத்து விடுகின்றன. அந்தச் சலசலப்பில் ஒரு துளி ஒலி சிக்னலில் கலந்தாலும், அது காதில் இரைச்சலாகக் கேட்கும். மவுஸை நகர்த்தும்போதும், பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போதும் சத்தம் மாறுவது இதனால்தான்.

முதல் டெஸ்ட்: சார்ஜரைக் கழற்றுங்கள்

ஹெட்போனை மாட்டிய நிலையிலேயே சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓடவிடுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் பிரச்னை பெரும்பாலும் சார்ஜரிலோ, வீட்டு வயரிங்கிலோதான்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி. லேப்டாப் சார்ஜர் அதைச் சுமார் 20 வோல்ட் டிசியாக மாற்றுகிறது. இதற்காக அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் நொடிக்குப் பல ஆயிரம் முறை ஆன்-ஆஃப் ஆகிறது. நல்ல சார்ஜர் இதில் எழும் இரைச்சலை வடிகட்டிவிடும். விலை குறைந்த டூப்ளிகேட் சார்ஜர்களில் அந்த வடிகட்டி பெயருக்குத்தான் இருக்கும். அதே மாடலுக்கான ஒரிஜினல் சார்ஜரை நண்பரிடம் வாங்கி ஒருமுறை போட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

எர்த் பின்னை வெட்டாதீங்க!

லேப்டாப்பை ஸ்பீக்கருடனோ ஆம்ப்ளிஃபயருடனோ இணைக்கும்போது வரும் 'ம்ம்ம்' சத்தத்துக்கு வேறு காரணம் உண்டு. இரண்டும் வெவ்வேறு சாக்கெட்டில் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் இடையே ஆடியோ வயர் வழியாகவே சிறு மின்னோட்டம் சுற்ற ஆரம்பிக்கும். இதற்கு 'கிரவுண்ட் லூப்' என்று பெயர்.

சார்ஜரின் மூன்றாவது பின்னை வெட்டினாலோ, இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டாலோ இந்தச் சத்தம் நின்றுவிடும். சிலர் இதையே வைத்தியமாகச் சொல்கிறார்கள். இது ஆபத்தான வேலை. சார்ஜருக்குள் இன்சுலேஷன் பழுதானால், கசியும் மின்சாரத்தை மனிதர் மேல் பாயாமல் தரைக்கு அனுப்புவதே அந்தத் தடித்த எர்த் பின்தான். கை லேப்டாப்பின் மேல், ஹெட்போன் காதின் மேல் என்று இருக்கும்போது அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பாதுகாப்பான வழிகள் இரண்டு. ஒன்று, லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது. அதிலும் சத்தம் போகவில்லை என்றால், 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்ற சின்ன டப்பாவை ஆடியோ வயருக்கு நடுவில் பொருத்துவது.

இன்னொரு முக்கியமான அறிகுறி: மூன்று பின் சார்ஜர் போட்டும், லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் 'சுர்ர்' என்கிறதா? அந்த சாக்கெட்டில் எர்த் வேலை செய்யாமல் இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் கூப்பிட வேண்டியது லேப்டாப் மெக்கானிக்கை இல்லை, எலக்ட்ரீஷியனை.

பேட்டரியிலும் சத்தம் வருதா? அப்போ இதைப் பாருங்க

• ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்': ஹெட்போன் அதிக சென்சிட்டிவ் ஆக இருக்கலாம். காதுக்குள் செருகும் 16 ஓம் இயர்போன்கள் பலவற்றில் லேசான இரைச்சல்கூடக் கேட்கும். வேறு ஹெட்போன் மாட்டிப் பாருங்கள்.

• பாட்டு நின்ற சில நொடிகளில் 'டொக்': மின்சாரத்தை மிச்சப்படுத்த சவுண்ட் சிப் தூங்கப் போகும் சத்தம் இது. பழுது இல்லை. லினக்ஸில் சவுண்ட் டிரைவரின் 'பவர் சேவ்' மதிப்பை 0 ஆக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

• வயரை அசைத்தால் 'கரகர': ஜாக்கில் தூசி அல்லது வயரில் உடைப்பு. அதே ஹெட்போனை மொபைலில் மாட்டினாலும் கரகரத்தால், குற்றவாளி ஹெட்போன்தான்.

• திடீரென 'டிர்ர்ர்': பக்கத்தில் மொபைல் இருக்கிறதா பாருங்கள். 2ஜி நெட்வொர்க்கில் மொபைல் நொடிக்கு 217 முறை விட்டு விட்டு சிக்னல் அனுப்பும். அந்தத் துடிப்பு ஆடியோ வயரில் ஏறிவிடும். அந்தக் காலத்தில் கால் வருவதற்கு முன்பே ரேடியோ உறுமியதும் இதனால்தான். மொபைலை இரண்டடி தள்ளி வைத்தால் போதும்.

செட்டிங்ஸில் மாற்ற வேண்டியவை

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று போங்கள். அங்கே 'ரெக்கார்டிங்' பகுதியில் மைக்கைத் தேர்வு செய்து, அதன் பிராப்பர்ட்டீஸைத் திறங்கள்.

'லிசன்' என்ற டேபில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக் ஆகி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது ஆன் ஆகி இருந்தால் அறையின் ஃபேன் சத்தம்கூட மைக் வழியாக ஹெட்போனுக்கே திரும்ப வரும். 'லெவல்ஸ்' டேபில் 'மைக்ரோபோன் பூஸ்ட்' இருந்தால் குறையுங்கள். எதிர்முனையில் கேட்கும் இரைச்சலும் இதில் குறையும்.

ஹெட்போன் வயரிலேயே வால்யூம் சக்கரம் இருக்கிறதா? லேப்டாப்பில் வால்யூமைக் கூட்டி, சக்கரத்தில் குறைத்து வையுங்கள். சக்கரத்தில் குறைக்கும்போது பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் குறையும்.

எதுவுமே சரிவரலைன்னா?

யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்கலாம். விரல் நீளமே இருக்கும் இதற்குள் தனியாக ஒரு சவுண்ட் சிப் உண்டு. எண்களை ஒலியாக மாற்றும் வேலை லேப்டாப்புக்கு வெளியே நடப்பதால், போர்டின் சலசலப்பு பெருமளவு தவிர்க்கப்படும். போர்டு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. ஆனால் சார்ஜரில் இருந்து வரும் இரைச்சல் யூஎஸ்பி வழியாகவும் வரலாம் என்பதால், சார்ஜர் டெஸ்ட்டை முடித்துவிட்டு வாங்குவதே நல்லது. ப்ளூடூத் ஹெட்போனில் வயரே இல்லாததால், ஜாக் வழியாக வரும் தொல்லை அடியோடு இருக்காது.

வால்யூமைக் கூட்டுவது தீர்வு இல்லை

இரைச்சல் கேட்கக்கூடாது என்று பலர் செய்வது, சத்தத்தை ஏற்றி வைப்பது. அது காதைத்தான் கெடுக்கும். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபல். ஒலி அதற்கு மேல் ஏற ஏற, பாதுகாப்பாகக் கேட்கும் நேரம் வேகமாகச் சுருங்கும். தினமும் எட்டு மணி நேரம் ஹெட்போனில் வேலை செய்பவருக்கு ஐந்து நாளிலேயே அந்த 40 மணி நேரம் தீர்ந்துவிடும்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்?

வேறு ஹெட்போன், வேறு சார்ஜர், பேட்டரி என எல்லாவற்றிலும் சத்தம் வந்து, யூஎஸ்பி அடாப்டரில் மட்டும் வரவில்லை என்றால் ஜாக்கிலோ போர்டிலோ பழுது இருக்கலாம். வாரன்டி இருந்தால் உடனே கொண்டுபோங்கள். என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்பதையும் கடையில் சொல்லுங்கள். "போர்டு மாத்தணும்" என்று அதற்குப் பிறகும் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களிடம் காரணம் இருக்கும்.