குடோன் கட்டப் போகிறீர்களா? கம்பிக் கணக்கையும் பாருங்கள்!

சரக்குப் பிடிக்கும்போது எடை, தரம், எத்தனை நாள் தாங்கும் என்று எல்லாவற்றையும் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சரக்கை வைக்கும் குடோனைக் கட்டும்போது, கம்பி விஷயத்தை மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறோம். சில ஆண்டுகள் கழித்து மேல்தளத்தின் காரை பெயர்ந்து மூட்டைகள் மேல் விழும்போதுதான் விழித்துக்கொள்கிறோம்.

உப்பு, கருவாடு வைக்கும் குடோன்களிலும் கடலோர ஊர்க் கட்டடங்களிலும் இது சீக்கிரமே நேர்கிறது. ஈரத்தோடு உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது பருக்கப் பருக்கக் காங்கிரீட் வெடிக்கிறது.

இதற்கு மாற்றாக வந்திருப்பது கண்ணாடி இழைக் கம்பி. கண்ணாடி இழைகளைப் பிசினில் நனைத்து இறுகச் செய்வது இது. இரும்பே இல்லாததால் துருவுக்கு வேலையில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உப்புநீர் ஏறி இறங்கும் ஹால்ஸ் ஆற்றின் புதிய பாலத்தில், மேல்தளத்துக்கு இந்தக் கம்பியைத்தான் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் 2023-இல் இதற்கென ஐ.எஸ். 18256 என்ற தர விதி வந்துவிட்டது.

எடையிலும் லாபம் உண்டு. 12 மி.மீ. கனமும் 12 மீட்டர் நீளமும் உள்ள இரும்புக் கம்பி சுமார் 10.7 கிலோ; கண்ணாடி இழைக் கம்பி சுமார் 3 கிலோதான். ஏற்று கூலியும் வண்டி வாடகையும் குறையும். ஆகவே இரண்டின் விலையையும் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடக் கூடாது. மீட்டருக்கு மீட்டர் ஒப்பிட வேண்டும்.

இழுவையைத் தாங்கும் வலு இதற்கு இரும்பைவிட அதிகம். இதைச் சொல்லித்தான், "12 மி.மீ. இரும்புக்குப் பதில் 10 மி.மீ. போதும்" என்பார்கள் சில விற்பனையாளர்கள். இங்கேதான் நாம் உஷாராக இருக்க வேண்டும். இதன் விறைப்புத் தன்மை இரும்பில் கால் பங்கு அளவே. மேல்தளத்திலும் உத்திரத்திலும் கணக்கில்லாமல் மாற்றிப் போட்டால் தொய்வும் விரிசலும் கூடும். இரும்பு வளைந்து எச்சரிக்கும். இது எல்லை மீறினால் சட்டென்று முறியும். கட்டுமிடத்தில் வளைக்கவும் முடியாது. வளைவுகளைத் தொழிற்சாலையிலேயே செய்து வாங்க வேண்டும். கடும் சூட்டில் பிசின் இளகிவிடும். எண்ணெய் டின்னும் தீப்பெட்டிப் பண்டலும் அடுக்கும் நமக்கு இது சிறிய விஷயமல்ல.

அப்படியானால் எங்கே போடலாம்? மண்மேல் போடும் குடோன் தரை, சரக்கு இறக்கும் முற்றம், உப்புநீர் ஓடும் வடிகால் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. தூண், உத்திரம், மேல்தளம் என்றால், இந்தக் கம்பிக்கென்றே கணக்குப் போடத் தெரிந்த இன்ஜினியரின் வரைபடம் இல்லாமல் இறங்க வேண்டாம்.

வாங்கும்போது பில்லோடு சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். கம்பிகளை வெயில் படாமல் மூடி வையுங்கள். அறுக்கும்போது வேலையாட்கள் முகமூடியும் கையுறையும் அணியட்டும். அந்தத் தூள் மூச்சுக்கு ஆகாது.

புதுச் சரக்கு என்பதற்காக நாம் ஒதுக்குவதும் இல்லை. அளந்து பார்க்காமல் வாங்குவதும் இல்லை. கம்பிக்கும் அதே வியாபார புத்திதான்!