சித்தப்பா பட்டறையைக் காணோமே!

அக்கா மகன் ஈ.ஈ.ஈ. முடித்துவிட்டு வேலை தேடுகிறான். ஜெராக்ஸ் கடையில் அடித்த ரெஸ்யூமைக் கொண்டுவந்து நீட்டினான். இரண்டு பக்கம். மேலேயே, சவாலான சூழலில் உழைத்து நிறுவனத்தை உயர்த்துவதுதான் தன் லட்சியம் என்று ஆங்கிலத்தில் ஒரு நீள வாக்கியம். பிறகு தந்தை பெயர், மதம், பொழுதுபோக்கு. கடைசியில், மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதிமொழி. அதன் கீழே ‘இடம்: சேலம்’. பையன் கோயம்புத்தூர்க்காரன், சேலத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறான். முன்பு யாருக்கோ அடித்த ஃபைலில் கடைக்காரர் பெயரை மாற்றியிருக்கிறார், ஊரை மறந்துவிட்டார். உண்மை என்று கையெழுத்துப் போடும் இடத்திலேயே பொய்!

லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு இணையதளம், ரெஸ்யூம் பார்ப்பவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துக் கவனித்தது. முதல் பார்வைக்குச் சராசரியாக 7.4 விநாடி என்று 2018-இல் கணக்குச் சொன்னது. அதில் பாதியை அந்த லட்சிய வாக்கியமே தின்றுவிடும்.

லியனார்டோ டாவின்சி 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். தூக்கிச் செல்லக்கூடிய பாலம் கட்டுவேன், அகழி நீரை வடிப்பேன், பீரங்கி செய்வேன், மூடிய போர் வண்டி செய்வேன் என்று வரிசையாக அடுக்கியவர், ஓவியம் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். போர்க்காலத்தில் அந்த மனிதருக்கு எது தேவையோ அது மேலே. தனக்குப் பிடித்தது கீழே. பின்னாளில் அதே லுடோவிகோவுக்காகத்தான் ‘கடைசி விருந்து’ ஓவியத்தை வரைந்தார் என்பது வேறு கதை.

பையன் விண்ணப்பிப்பது ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு. விளம்பரத்தில் மோட்டார் வைண்டிங், டெஸ்டிங் தெரிந்தவர் தேவை என்று இருக்கிறது.

“லீவுல எல்லாம் உங்க சித்தப்பா பட்டறையில காயில் கட்டிட்டுத்தானே இருந்தே? அதைக் காணோமே?”

“அதெல்லாம் போடலாங்களா மாமா? அது கம்பெனி இல்லீங்களே.”

எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருஷம் கை பழகிய வேலைக்கு இடமில்லை, கிரிக்கெட்டுக்கு இருக்கிறது.

ஒரே பக்கமாகச் சுருக்கினோம். மதமும் உறுதிமொழியும் போயின. விளம்பரத்தில் உள்ள ‘வைண்டிங்’, ‘டெஸ்டிங்’ என்ற சொற்களை அப்படியே எழுதினோம். வந்து குவியும் ரெஸ்யூம்களை ஹெச்.ஆர். ஆட்கள் பல இடங்களில் கம்ப்யூட்டரில் சொல் போட்டுத்தான் தேடுகிறார்கள். கட்டம் கட்டமான டேபிள்களையும் எடுத்துவிட்டோம், சில சாஃப்ட்வேர்கள் அவற்றைத் தாறுமாறாகப் படிக்கும். ‘ஃபைனல் நியூ 2’ என்றிருந்த ஃபைலுக்கு அவன் பெயரையே வைத்தோம்.

“எத்தனை மோட்டார் கட்டியிருப்பே?”

“எண்ணலீங்க மாமா. வாரத்துக்கு நாலஞ்சு வரும்.”

‘நிறைய’ என்று போடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சித்தப்பாவுக்குப் போன் போட்டு, பழைய பில் புத்தகங்களை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.