வேத புத்தகத்தில் ஒரு சொல்

1959-ம் ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் லூதர் வைகிள் என்ற முதிய பண்டிதருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கனடா நாட்டு இளைஞர். பாதிரியார் ஆவதற்காகப் படித்துக்கொண்டிருந்தவர்.

வைகிள் சாதாரண மனிதர் அல்ல. யேல் சர்வகலாசாலையின் மதக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். "ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு வெர்ஷன்" என்ற புதிய ஆங்கில பைபிளை மொழிபெயர்த்த குழுவுக்கும் அவரே தலைவர். அந்த பைபிளின் புதிய ஏற்பாடு 1946-ல் வெளிவந்து, நாடெங்கும் பரவியிருந்தது.

அப்படிப்பட்டவருக்கு அந்த மாணவர் என்ன எழுதினார்? "ஓர் இடத்தில் தவறாக மொழிபெயர்த்துவிட்டீர்கள். விஷயம் தெரியாதவர்கள் அதை ஆயுதமாக எடுத்து மனிதர்களைக் காயப்படுத்துவார்கள்" என்பதுதான் கடிதத்தின் கருத்து. வைகிள் கோபித்துக்கொள்ளவில்லை. மரியாதையாகப் பதில் எழுதினார். 1971-ல் அந்த பைபிளின் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்தச் சொல் மாற்றப்பட்டிருந்தது.

இந்தக் கடிதங்கள் பல ஆண்டுகள் யேல் சர்வகலாசாலையில் பழைய காகிதங்களோடு காகிதமாகக் கிடந்தன. ஆராய்ச்சி செய்யப் போன இருவர் அவற்றைக் கண்டெடுத்தார்கள். 2022-ல் அதைப் பற்றி ஒரு செய்திப் படமும் வந்துவிட்டது.

அப்படி என்ன சொல் அது?

பவுல் எழுதிய கடிதம்

பவுல் அப்போஸ்தலர் ஏறக்குறைய கி.பி. 55-ல் கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். தேவனுடைய ராஜ்யத்தில் இடம் பெறாதவர்கள் யார் யார் என்று அதன் 6-ம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் கொடுக்கிறார். திருடர், குடிகாரர், விபசாரக்காரர், பேராசைக்காரர் எல்லாரும் அதில் வருகிறார்கள். நடுவில் இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று "மலகோய்". மற்றொன்று "அர்செனோகொய்தாய்". நாக்கு சுளுக்கிக்கொள்ளும்தான். ஆனாலும் இந்த இரண்டாவது சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1946-ம் ஆண்டு பைபிள் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து, "ஹோமோசெக்சுவல்ஸ்" என்று ஒரே சொல்லாகப் போட்டுவிட்டது. ஆணிடம் ஆணும், பெண்ணிடம் பெண்ணும் மனம் நாடும் இயல்பு உடையவர்கள் என்று அதற்கு அர்த்தம். இந்த இயல்பைத் தன்பாலின ஈர்ப்பு என்று இப்போது தமிழில் சொல்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஐரோப்பாவில் உண்டாயிற்று. அதற்கு முன் எந்த ஆங்கில பைபிளிலும் அது கிடையாது.

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். பவுல் ஒரு செயலைச் சொன்னாரா, ஓர் இயல்பைச் சொன்னாரா என்பதே கேள்வி. புதிய சொல் இயல்பையே குறிப்பதாக ஆகிவிட்டது. ஒரு பையனுக்குப் பதினாறு வயது. யாரையும் தொட்டதில்லை. ஜபம் தவறுவதில்லை. ஆனால் தன் மனம் எந்தப் பக்கம் போகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து அந்த வசனத்தைப் படிக்கிறான். திருடனுக்கும் குடிகாரனுக்கும் பக்கத்தில் தன் பெயரும் எழுதியிருப்பதாகவே அவனுக்குப் படும். திருடன் திருட்டை விடலாம், குடிகாரன் குடியை விடலாம். இவன் எதை விடுவது?

நாற்காலி என்றால் என்ன?

சரி, பவுல் எழுதிய சொல்லுக்கு உண்மையான பொருள்தான் என்ன? இங்கேதான் பண்டிதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

"அர்சேன்" என்றால் ஆண். "கொய்தே" என்றால் படுக்கை. இரண்டும் சேர்ந்த இந்தச் சொல், இன்று நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க நூல்களில் பவுலுக்கு முன் எங்குமே இல்லை. அவரே உண்டாக்கிய சொல்லாக இருக்கலாம்.

பழைய கொள்கையை ஆதரிப்பவர்கள் இதையே தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள். மோசேயின் சட்டங்களைக் கூறும் லேவியராகமத்தில், ஒரு பெண்ணோடு சேர்வது போல ஆணோடு ஆண் சேரக்கூடாது என்று 18-ம் அதிகாரமும் 20-ம் அதிகாரமும் சொல்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே யூதர்கள் அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்துவிட்டார்கள். அந்த மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அங்கிருந்தே பவுல் எடுத்து ஒட்டியிருக்கிறார், ஆகையால் ஆணும் ஆணும் கூடும் எந்த உறவும் அதில் அடங்கும் என்பது அவர்கள் வாதம். இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல.

எதிர்க் கட்சியின் பதிலும் ருசிகரமானது. ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்து அதன் பொருளை முடிவு கட்டக்கூடாது என்கிறார்கள். நம் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே! நாற்காலி என்றால் நான்கு கால் உடையது. மாட்டுக்கும் நான்கு கால்தான். மாட்டை யாராவது நாற்காலி என்கிறோமா? அந்தச் சொல்லைப் பிற்காலத்தார் எங்கே, எதற்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்று பார்க்கவேண்டும் என்றார் யேலில் பேராசிரியராக இருந்த டேல் மார்ட்டின். சில பழைய பட்டியல்களில் அது ஏழைகளை ஏய்த்துப் பிழைப்பது போன்ற குற்றங்களோடு சேர்ந்து வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் மனிதரைத் திருடி விற்பவர்களுக்குப் பக்கத்தில் வருகிறது. அந்தக் காலத்துக் கிரேக்க, ரோமப் பிரபுக்கள் அடிமைச் சிறுவர்களைத் தங்கள் இச்சைக்குப் பயன்படுத்தியது சரித்திரம் அறிந்த சங்கதி. பவுல் கண்டித்தது அந்தக் கொடுமையைத்தான் என்பது இவர்கள் எண்ணம்.

"அப்படியானால் சிறுவர்களைக் கெடுப்பதற்கென்று கிரேக்கத்தில் வேறு சொல் இருந்ததே, அதை ஏன் பவுல் எழுதவில்லை?" என்று முதல் கட்சி கேட்கிறது. இப்படியே போகிறது வழக்கு.

மொழிபெயர்த்தவர்களைப் பாருங்கள். ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் சிறுவர்களைக் கெடுப்பவர் என்ற பொருள்படும்படி மொழிபெயர்த்தார். 1611-ல் வந்த ஆங்கில பைபிள், ஆண்களோடு தங்களைக் கெடுத்துக்கொள்பவர் என்ற பொருளில் எழுதியது. நம் தமிழ்ப் பழைய வேதாகமத்தில் "ஆண்புணர்ச்சிக்காரர்" என்று இருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் "மலகோய்" என்ற சொல்லோ, தமிழில் ஆண்களின் உறவையே குறிக்காமல், ஒருவன் தனியே செய்யும் பாவத்தைக் குறிப்பதாக இருக்கிறது. மென்மையானவர் என்பதுதான் அந்தச் சொல்லின் நேர்ப் பொருள். ஒரே கிரேக்கச் சொல் கடல் தாண்டும்போது எத்தனை வேஷம் போடுகிறது!

சோதோம் செய்த பாவம்

இந்தச் சங்கதி பேசப்படும் இடங்கள் பைபிளில் மிகக் கொஞ்சம். 31,000-க்கு மேற்பட்ட வசனங்களில் ஆறு, ஏழு இடங்கள்தான். அவற்றுள் எல்லாருக்கும் தெரிந்தது சோதோம், கொமோரா கதை. விருந்தாளிகளாக வந்தவர்களை ஊரார் சூழ்ந்துகொண்டு பலாத்காரம் செய்ய வந்தார்கள், ஊர் எரிந்தது என்பது கதை. ஆனால் எசேக்கியேல் தீர்க்கதரிசி சோதோமின் அக்கிரமம் இன்னதென்று சொல்லும்போது கர்வம், வயிறு நிறைந்த வாழ்வு, ஏழைக்குக் கை கொடுக்காமை ஆகியவற்றை முதலில் சொல்கிறார். அருவருப்பான காரியம் என்று பிறகுதான் பொதுவாகச் சொல்கிறார். வந்த விருந்தினரைச் சூறையாட நினைக்கும் கூட்டத்தையும், இருவர் விரும்பி நடத்தும் குடித்தனத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதைப் பழைய கொள்கைக்காரர்களிலும் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

லேவியராகமம் பன்றி இறைச்சியையும் இரண்டு வகை நூல் கலந்து நெய்த துணியையும்கூடத் தடுக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொள்வானேன் என்பது பலரும் கேட்கும் கேள்வி. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஆதித் திருச்சபை உணவு பற்றிய கட்டளைகளைத் தளர்த்தியபோது, ஒழுக்கம் பற்றிய கட்டளைகளைத் தளர்த்தவில்லை என்ற பதில் தயாராக இருக்கிறது. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரமும் இருக்கிறது. அதில் பவுல் பெண்களையும் சேர்த்துச் சொல்கிறார். பழைய கொள்கைக்கு மிகவும் பலமான இடம் அதுவே.

இயேசு இதைப் பற்றிப் பேசியதாகச் சுவிசேஷங்களில் எங்கும் இல்லை. விவாகரத்தைப் பற்றிக் கேட்டபோது, ஆதியில் கடவுள் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்பதை நினைவூட்டினார். அந்த மௌனத்தை ஒரு சாரார் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நினைவூட்டலை மறு சாரார் எடுத்துக்கொள்கிறார்கள்.

சபைகள் உடைந்தன

இது பண்டிதர்களின் மேஜையோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் பெரிய சபைகளுள் ஒன்றான ஐக்கிய மெதடிஸ்ட் சபை, இத்தகைய உறவு கிறிஸ்தவப் போதனைக்குப் பொருந்தாது என்று 1972-ல் தன் விதிகளில் எழுதிக்கொண்டது. அதன் பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகள் சண்டை. 2019 முதல் 2023 வரை 7,600-க்கும் மேற்பட்ட கோயில்கள், அதாவது அமெரிக்காவில் அதற்கிருந்த கோயில்களில் நான்கில் ஒரு பங்கு, பிரிந்து போய்விட்டன. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த குடும்பங்கள் வேறு வேறு கோயிலுக்குப் போக நேர்ந்தது. 2024 மே மாதம் சார்லட் நகரில் கூடிய மாநாடு 523-க்கு 161 என்ற வாக்கில் அந்த வாசகத்தை நீக்கியது.

கத்தோலிக்கத் திருச்சபை தன் போதனையை மாற்றவில்லை. செயல் பாவம், மனிதரை மட்டும் மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்கவேண்டும் என்று 1992-ம் ஆண்டு ஞானோபதேச நூல் கூறுகிறது. 2023 டிசம்பரில் போப் பிரான்சிஸ் காலத்தில், இத்தகைய ஜோடிகளுக்குக் குருமார் எளிய ஆசீர்வாதம் அளிக்கலாம், ஆனால் அது திருமணம் போல் தோன்றக்கூடாது என்று அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் அதையும் ஏற்கவில்லை.

இரண்டு மனிதர்கள்

வெஸ்லி ஹில் என்ற அமெரிக்கர் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். தன் மனம் ஆண்களையே நாடுகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் பழைய பொருளே சரியென்று அவருடைய படிப்பு சொல்லியது. ஆகவே துறவு வாழ்க்கையை ஏற்றுக்கொண்டார். அதிலுள்ள தனிமையை 2010-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வேதத்தை நம்புபவர்கள் அவரைப் போன்றவர்களைத் தனியே தவிக்கவிடாமல், நட்பும் குடும்பமுமாக அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கேட்பது. தண்டனை சொல்லுவதில் முந்திக்கொள்ளும் சபைகள் பல, இந்தப் பகுதியை மட்டும் காதில் போட்டுக்கொள்வதில்லை!

மற்றவர் ரிச்சர்ட் ஹேஸ். டியூக் சர்வகலாசாலையின் மதக் கல்லூரித் தலைவராக இருந்தவர். 1996-ல் அவர் எழுதிய நூலில், வேதம் இத்தகைய உறவை அனுமதிக்கவில்லை என்று விரிவாக நிலைநாட்டினார். எய்ட்ஸ் நோயால் இறந்துபோன தன் நெருங்கிய நண்பர் ஒருவரைப் பற்றிய பேச்சோடு அந்த அத்தியாயம் தொடங்குகிறது. கல் மனத்தோடு எழுதியது அல்ல. ஆனால் பலர் அதைக் கல்லாக எடுத்து எறிந்தார்கள்.

2024 செப்டம்பரில், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஹேஸ், வேத பண்டிதரான தம் மகன் கிறிஸ்டபருடன் சேர்ந்து இன்னொரு புத்தகம் வெளியிட்டார். தம் பழைய முடிவை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். முன்பு எழுதியது உண்டாக்கிய வேதனைக்காக வருத்தம் தெரிவித்தார். அந்த ஆறேழு வசனங்களுக்குப் புதுப் பொருள் கண்டுபிடித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. வேதம் முழுவதிலும் கடவுளின் கருணை, முன்பு வெளியே நின்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே சேர்த்துக்கொண்டே போகிறது, அந்தப் போக்கைப் பின்பற்ற வேண்டும் என்பதே புது நூலின் வாதம்.

2025 ஜனவரி 3-ம் தேதி ஹேஸ் காலமானார். மகிழ்ந்தவர்களும் உண்டு, மனம் நொந்தவர்களும் உண்டு. பழைய கொள்கைக்காரர்கள் அவருடைய 1996-ம் ஆண்டு நூலையே இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். முந்திய ஹேஸ் கிரேக்கச் சொற்களை வைத்துச் சொன்ன வாதத்துக்குப் பிந்திய ஹேஸ் பதில் எழுதவில்லை என்பது அவர்கள் கூறும் குறை.