கொல்கத்தா – அகர்தலா: ஒரு மணி நேரமா, ஒன்றரை நாளா?

கொல்கத்தாவையும் திரிபுராவின் தலைநகரான அகர்தலாவையும் வரைபடத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால், இடைப்பட்ட தொலைவு சுமார் 320 கிலோமீட்டர்தான். விமானம் இதனை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ரயிலில் புறப்படுவோர்க்கோ அதே பயணம் 1,500 கிலோமீட்டருக்கும் அதிகம். ஒன்றரை நாள் பிடிக்கும்.

காரணம், நேர்கோட்டின் பெரும்பகுதி வங்கதேசத்தின் மீது செல்வதே. 1947-க்கு முன்பு அகர்தலா மக்கள், சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த அகௌரா சந்திப்பில் ரயிலேறினர். பிரிவினையில் அந்நிலையம் எல்லைக்கு அப்பால் போயிற்று. இன்று சியால்தாவில் கிளம்பும் ரயில் வடக்கே சென்று, பராக்காவில் கங்கையைக் கடந்து, குறுகிய சிலிகுரி நிலப்பகுதி வழியே கிழக்கே திரும்புகிறது. குவாஹாட்டி, லாம்டிங், பதர்பூர் எனச் சுற்றிவந்து மீண்டும் தெற்கே இறங்குகிறது. அகல ரயில் பாதை அகர்தலாவை எட்டியதே 2016-இல்தான்.

விமானத்துக்கு இச்சுற்று இல்லை. அது வங்கதேச வான்வழியாகவே பறக்கிறது. பயணச்சீட்டில் காணும் நேரம் முழுவதும் வானில் கழிவதன்று என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், இறங்கியபின் முனையத்தை வந்தடைவதும் அதில் அடக்கம். மேலெழும்பிச் சற்று நேரம் சமமாகப் பறந்ததுமே கீழிறங்கத் தொடங்கிவிடும். ஆகவே தொலைவு பாதியாக இருப்பதால் நேரமும் பாதியாகிவிடாது.

அகர்தலா விமான நிலையம் 1942-இல், மகாராஜா வீர விக்ரம் கிஷோர் மாணிக்யா வழங்கிய நிலத்தில் அமைந்தது. 2018 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. புதிய முனையம் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

மழைக்காலத்தில் இந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு புலப்படும். லாம்டிங்–பதர்பூர் மலைப்பாதையில் நிலச்சரிவு புதிதன்று. 2022 மே மாதம் ஹாஃப்லாங் ரயில் நிலையமே சேற்றில் மூழ்கிற்று. அத்தகைய நாள்களில் உயர் சிகிச்சைக்காகக் கொல்கத்தா செல்ல வேண்டிய நோயாளிக்கோ, தேர்வு எழுதப் புறப்பட்ட மாணவருக்கோ விமானம் ஆடம்பரமாகாது. ஆனால் கட்டணம் எல்லோர்க்கும் எட்டக்கூடியதா என்பதே கேள்வி. இத்தகைய ஊர்களில் வசிப்போர் அவசரப் பயணத்துக்கென ஒரு சிறு தொகையைத் தனியே சேமித்து வைப்பது நலம் என்று நாம் கருதுகிறோம்.

தெற்கிலிருந்து கொல்கத்தா வழியாகச் செல்வோர் இரு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டில் பதிவு செய்தல் நன்று. தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிடும்போது இழப்பு பெரும்பாலும் பயணியையே சாரும். திரிபுராவுக்குள் நுழைய இந்தியர்க்குச் சிறப்பு அனுமதி தேவையில்லை. டாக்கா வழியே சாலையில் செல்ல விரும்பினால் மட்டும் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும்.

அகர்தலாவையும் அகௌராவையும் மீண்டும் இணைக்கும் ரயில் பாதை 2023 நவம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 12 கிலோமீட்டர் மட்டுமே. அவ்வழியே கொல்கத்தா வரை பயணிகள் ரயில் ஓடுமானால், 1,500 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.