கையுறை காப்பது எதை?

ரைஃபிளின் உதைப்பைத் தாங்கத் தோள் இருக்கிறது. கைத்துப்பாக்கிக்கு அந்த வசதி இல்லை. எவ்வளவு பெரிய தோட்டாவாக இருந்தாலும், அதன் எதிர்விளைவு முழுவதும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள்தான் வந்து இறங்கும். சாதாரணக் கைத்துப்பாக்கிகளில் இது பெரிய விஷயமில்லை. 2003-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் வெளியிட்ட மாடல் 500 போன்ற ரிவால்வர்களில்தான் சிக்கல். இதன் நீளக் குழல் வகையின் எடை 2 கிலோவைத் தாண்டும். தோட்டாக்கள் அவ்வளவு தடிமன் என்பதால், சுழலும் சிலிண்டரில் வழக்கமான ஆறுக்குப் பதில் ஐந்துக்குத்தான் இடம். வேட்டைக்காரர்களும், கரடிகள் உலவும் காடுகளுக்குள் செல்பவர்களும் இந்த வகைத் துப்பாக்கிகளை வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் பயிற்சியின்போது விரல்நுனி வெட்டிய, உள்ளங்கையில் மெத்தை வைத்த தோல் கையுறையைப் போட்டுக்கொள்கிறார்கள். கையுறை இல்லாமல் சுடவே கூடாது என்று ஒரு தரப்பு சொல்கிறது. கையுறை தேவைப்படுகிறவருக்கு அந்தத் துப்பாக்கியே தேவையில்லை என்கிறது இன்னொரு தரப்பு. இயற்பியலைக் கேட்டால் இரண்டு தரப்புக்கும் முழுத் திருப்தி கிடைக்காது.

கணக்கு பள்ளிப் பாடம்தான். துப்பாக்கி வெடிப்பதற்கு முன் மொத்த உந்தம் பூஜ்யம்; வெடித்த பின்னும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். மாடல் 500-ல் 26 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. கூடவே, எரிந்த வெடிமருந்தின் வாயுவும் குண்டைவிட வேகமாகப் பீறிட்டு வெளியேறுகிறது. உதைப்பில் அந்த வாயுவின் பங்கு மட்டும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சமன் செய்தால், 2 கிலோ இரும்பு நொடிக்குச் சுமார் 8 மீட்டர் வேகத்தில் கையை நோக்கி வர வேண்டியிருக்கிறது. ஆற்றலாகச் சொன்னால் 60 ஜூலுக்குச் சற்று மேல். பல நாட்டுக் காவல்துறைகள் நெடுங்காலம் பயன்படுத்திய .38 ஸ்பெஷல் ரிவால்வரில் இதே கணக்கைப் போட்டால் வருவது சுமார் 4 ஜூல்தான்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். குண்டு சுமந்து செல்லும் ஆற்றல் 3,000 ஜூலுக்கு மேல். கைக்கு வருவது 60 சொச்சம்தானா? ஆம். உந்தம் இரு பக்கமும் சமமாகப் பிரியும். ஆற்றலோ எடை குறைந்த பக்கத்துக்கே பெரும்பங்கைக் கொடுத்துவிடும். துப்பாக்கி கனமாக இருப்பதால்தான் சுடுபவர் தப்பிக்கிறார். அந்தக் கனத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டமும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட 329பிடி என்ற .44 மேக்னம் ரிவால்வரின் எடை சுமார் 700 கிராம். இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். அதே தோட்டாவை 1.3 கிலோ எஃகு ரிவால்வரில் சுட்டால் உதைப்பு 25 ஜூலுக்கு அருகில் நிற்கும். 329பிடி-யில் 40-ஐத் தாண்டிவிடும். சுமப்பதற்குச் சுகமான துப்பாக்கி, சுடுவதற்குச் சுகமாக இருப்பதில்லை.

.44 மேக்னம் 1955-ல் வந்தது. ஐடஹோ மாநிலத்துப் பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத், பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் கூடுதல் மருந்தை இட்டுப் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்து, தயாரிப்பாளர்களை விடாமல் வற்புறுத்தியதன் விளைவு அது. 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைச் சுடும் ரிவால்வரைக் கையில் எடுத்தபின் கடைகளில் கிராக்கி எகிறியது. படப்பிடிப்பில் சுடுவது வெற்றுத் தோட்டா. முன்னே போக ஈயம் இல்லாதபோது பின்னே வர உதைப்பும் பெரிதாக இருக்காது. படம் பார்த்துவிட்டு வாங்கியவர்களுக்கு முதல் ரவுண்டில்தான் இந்த வித்தியாசம் புரிந்திருக்கும்.

இனி கைக்கு வருவோம். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. அதற்குள் துப்பாக்கி பின்னே நகர்வது 2, 3 மில்லிமீட்டர்தான். கையில் பட்ட தொடுவுணர்வு மூளைக்குப் போய்ச் சேரவே சுமார் 20 மில்லி நொடி ஆகும். மூளைக்குத் தகவல் கிடைக்கும்போது குண்டு 10 மீட்டர் தூரம் போயிருக்கும். அந்த ரவுண்டைப் பொறுத்தவரை கை செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அடி வாங்கிக்கொள்வது மட்டும்தான்.

அடி எங்கே விழுகிறது? குழல் கையைவிட உயரத்தில் இருப்பதால் துப்பாக்கி நேராகப் பின்னே வராமல், மணிக்கட்டை அச்சாக்கி மேலே எழும்புகிறது. பிடியின் மேல்பகுதி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள மெல்லிய சதையில் இடிக்கிறது. வழுக்காமல் இருக்கப் பிடியில் செதுக்கிய கூர்க்கட்டங்கள் தோலைச் சிராய்க்கின்றன. சுடுவதற்கு இழுக்கும் விசையைச் (டிரிகரைச்) சுற்றியுள்ள இரும்பு வளையத்தின் பின்புறம் நடுவிரல் கணுவில் மோதுகிறது. 1873-ன் கோல்ட் ரிவால்வர் பாணிப் பிடி உள்ளங்கைக்குள் உருண்டு மேலேறும் வடிவம் கொண்டது. பழைய அளவுத் தோட்டாக்களுக்கு அது நல்ல யோசனைதான். பெரிய தோட்டாவில் அந்த உருளலே நடுவிரலைப் பதம் பார்த்துவிடும். பத்து ரவுண்டில் கணு சிவக்கும், இருபதில் வீங்கும்.

கையுறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. கேட்ச் பிடிக்கும் ஃபீல்டர் கையைப் பின்னிழுப்பது ஏன் என்று பாடப்புத்தகம் விளக்குமே, அதே தத்துவம்: உந்தம் மாறும் நேரத்தை நீட்டினால் விசை குறையும். கையுறையின் மெத்தை அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது. கூர்மையான விளிம்பின் அழுத்தத்தை அகலமான பரப்பில் பரப்புகிறது. தோலுக்கும் கணுவுக்கும் இது கண்கூடான பலன்.

ஆனால், அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? மெத்தையின் தடிமனை 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 ஜூலை அந்தத் தூரத்துக்குள்ளேயே நிறுத்த வேண்டுமானால், 12,000 நியூட்டன் விசை தேவை. எலும்பு அதைத் தாங்காது. உண்மையில் துப்பாக்கியை நிறுத்துவது மெத்தை அல்ல. மணிக்கட்டும் முழங்கையும் தோளும் மடங்கி, 20, 30 சென்டிமீட்டர் பின்வாங்கி அதை நிறுத்துகின்றன. அப்போது சராசரி விசை 200, 300 நியூட்டனுக்கு இறங்கிவிடும். ஆகவே மூட்டுகளுக்குப் போகும் மொத்த உந்தத்தில் கையுறை ஒரு துளியையும் குறைப்பதில்லை. கை வலிக்கவில்லை என்பதற்காகக் கூடுதலாக ஐம்பது ரவுண்டு சுடுபவர், அந்த ஐம்பதையும் முழங்கையின் கணக்கில் எழுதுகிறார்.

என் கணிப்பில் கையுறையின் பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. வலியை ஓரிரு முறை ருசித்த கை, அடுத்த முறை வெடிக்கும் முன்பே பதறுகிறது. விசையை இழுக்கும் அதே கணத்தில் மணிக்கட்டு முன்னே தள்ள, குழல் தாழ்ந்து, குண்டு இலக்குக்குக் கீழே போகிறது. பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்கும் விதம் எளிது. சுடுபவருக்குத் தெரியாமல் சிலிண்டரில் ஒரு போலித் தோட்டாவைக் கலந்துவிடுவார்கள். விசை இழுபடும், வெடிக்காது, குழல் மட்டும் தலை கவிழும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், சுட்டவருக்கு முகம் சிவக்கும். வலி குறைந்தால் இந்தப் பதற்றமும் குறையும். ஆனால் பதற்றத்தில் பாதி காது வழியாக வருவது. 150 டெசிபலைத் தாண்டும் வெடிச்சத்தத்துக்குக் காதடைப்பானும் அதன்மேல் காதுக்கவசமும் சேர்த்துப் போடாமல், கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு பயனில்லை.

இழப்புகளும் உண்டு. தடித்த கையுறை பிடியின் சுற்றளவைக் கூட்டும். சிறிய கைக்கு விசை எட்டாது. கையுறை அணிந்த கையின் பிடிவலு பொதுவாகக் குறையும் என்பது தொழிலக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. தோல் வழுக்கினாலோ ஆபத்து. விசையை இழுக்கும் விரல் வெறும் விரலாகவே இருக்க வேண்டும்.

கையுறை எந்த வகையிலும் காக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே, தலைமுடியைவிடச் சற்றே அகலமான இடைவெளி உண்டு. மாடல் 500-ன் தோட்டாவுக்குள் அழுத்தம் 4,000 வளிமண்டலம் வரை போகலாம். அந்த வாயு இடைவெளி வழியே பக்கவாட்டில் கத்தியாகச் சீறும். ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் பழகியவர்கள் கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடிப்பார்கள். அதே பழக்கத்தில் இந்த ரிவால்வரைப் பிடித்தால், கையுறையோடு சேர்த்து விரலும் கிழியும்.

வலி தோலில் இருந்தால் கையுறை போதும். ரப்பர் பிடிக்கு மாறினாலும் பாதித் தொல்லை தீரும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்து மறுநாளும் நீடித்தால், மாற்ற வேண்டியது தோட்டாவை. .44 மேக்னம் ரிவால்வரில் பழைய .44 ஸ்பெஷலையும் தாராளமாகச் சுடலாம். அதன் உதைப்பு ஏறத்தாழ 6 ஜூல், மேக்னத்தில் கால்பங்கு.