ஏணி வருமுன் விழுந்த வீடு

1969 ஜூலை 20ஆம் திகதி அப்பலோ-11 சந்திரனில் இறங்கியது. அன்று வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தோரில் பலர், இன்னும் பத்தே ஆண்டுகளில் மனிதன் விண்ணில் ஓர் ஊரே அமைத்து விடுவான் என்று எண்ணினர். வாசகர்களே, அவர்கள் எண்ணியதில் தவறில்லை. நாசா நிறுவனமே அப்படித்தான் எண்ணியது! அந்த ஊர் ஏன் உருவாகவில்லை என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

அதே ஆண்டு செப்டெம்பரில், உப ஜனாதிபதி அக்னியூவின் தலைமையிலான குழு தன் அறிக்கையை ஜனாதிபதி நிக்ஸனிடம் கையளித்தது. முதலில் 12 பேர் தங்கும் விண்வெளி நிலையம். பின்னர் 50 பேருக்கானது. அதன்பின் 100 பேருக்கானது. பூமிக்கும் நிலையத்துக்கும் இடையே போய்வர, மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய விண்வெளி ஓடம். முடிவில் செவ்வாய்ப் பயணம்.

ஆனால் வியட்நாம் யுத்தம் பணத்தை விழுங்கிக் கொண்டிருந்த காலம் அது. 1972 ஜனவரியில் நிக்ஸன் அனுமதித்தது ஓடத்தை மட்டுமே. ஏணிக்குப் பணம் கிடைத்தது, வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

முந்திக்கொண்ட சோவியத்

இதற்கிடையில் சோவியத் யூனியன் 1971 ஏப்ரல் 19ஆம் திகதி உலகின் முதலாவது விண்வெளி நிலையமான சல்யூட்-1ஐ ஏவியது. டொப்ரொவொல்ஸ்கி, வொல்கொவ், பட்சாயெவ் ஆகிய மூவரும் அதில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கி ஆய்வு செய்தனர். ஜூன் 30ஆம் திகதி அவர்களது சோயுஸ்-11 பூமிக்குத் திரும்பியது. பரசூட் ஒழுங்காக விரிந்தது. கலம் தரையைத் தொட்டது. கதவைத் திறந்தவர்கள் கண்டதோ மூன்று உடல்களை! வழியில் ஒரு வால்வு திறந்து, கலத்திலிருந்த காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. விண்வெளி உடை அணிந்திருந்தால் உயிர் தப்பியிருக்கலாம். ஆனால் மூவர் உடையணிந்து அமர அந்தச் சிறு கலத்தில் இடமில்லை. அதன்பின் பல ஆண்டுகள் இருவர் மட்டுமே, உடையணிந்து, சென்று வந்தனர்.

மீதத்தில் கட்டிய வீடு

அமெரிக்கர்களிடம் சந்திரப் பயணத்துக்கான பாரிய ரொக்கட்டுகள் மீதமிருந்தன. ரொக்கட்டின் மேல்தட்டு ஒன்றையே வீடாக்கினார்கள். அதுதான் ஸ்கைலாப். 1973 மே 14ஆம் திகதி ஏவப்பட்டு ஒரு நிமிடம் கடந்ததும் அதன் வெப்பக் கவசம் பிய்ந்து பறந்தது. சூரிய மின்சாரம் தரும் இரு இறக்கைகளில் ஒன்று பறிபோனது. மற்றது விரியாமல் சிக்கிக்கொண்டது. உள்ளே வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டியது.

மே 25ஆம் திகதி கொன்ராட், கேர்வின், வைட்ஸ் ஆகியோர் புறப்பட்டனர். கையோடு கொண்டுபோனது என்ன தெரியுமா? ஒரு குடை! சிறு துவாரம் வழியாக அதை வெளியே நீட்டி விரித்தார்கள். வீடு குளிர்ந்தது. பின்னர் கொன்ராடும் கேர்வினும் வெளியே மிதந்து சென்று, சிக்கிய இறக்கையையும் விடுவித்தார்கள். மூன்று குழுவினர் முறையே 28, 59, 84 நாட்கள் அங்கு வாழ்ந்து காட்டினர்.

1974 பெப்ரவரியில் கடைசிக் குழு திரும்பியது. ஓடம் தயாரானதும் ஸ்கைலாப்பை மேலே தள்ளிவிடலாம் என்பது திட்டம். ஆனால் ஓடம் தாமதித்தது. சூரியனின் சீற்றம் எதிர்பார்த்ததைவிட மிகுந்ததால் வளிமண்டலம் விரிவடைந்து, அந்த வெற்று வீட்டைக் கீழே இழுத்தது. 1979 ஜூலை 11ஆம் திகதி அதன் துண்டுகள் இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தன. "எங்கள் தலையில் விழுமோ?" என்று அன்று அஞ்சியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். முதல் ஓடம் பறந்ததோ 1981 ஏப்ரலில்!

சோவியத் வேறு வழியில் சென்றது. 1977இல் ஏவிய சல்யூட்-6க்கு இரண்டு வாசல்கள் வைத்தது. ஒன்றில் வீரர்களின் கலம் நிற்க, மற்றதில் உணவும் எரிபொருளும் சுமந்து ஆளில்லாக் கலங்கள் வந்தன. பின்னர் மிர் நிலையமும், 2000 நவம்பர் முதல் மனிதர் இடைவிடாது வாழும் சர்வதேச விண்வெளி நிலையமும் நிலைத்தது இந்த முறையால்தான். 100 பேருக்கெனக் கனவு கண்ட மனிதன், ஏழெட்டுப் பேரோடு நின்றுவிட்டான் என்பதும் உண்மையே.

எனவே அன்பர்களே, விண்ணில் நகரம் எழப்போகிறது என்று நாளை ஒரு செய்தி வந்தால் வியப்படையுங்கள். கூடவே ஒரு கேள்வியையும் கேளுங்கள்: அங்கே சோறும் தண்ணீரும் காற்றும் கொண்டுபோக வழி தயாரா?